மேல்மொணவூர் பெயிண்டர்கள்



ஆந்திராவில் இருக்கும் எங்கள் குடிபாலாவிலிருந்து தெற்கே வண்டியை விட்டால் நரஹரிப்பேட்டை தாண்டியதும் தமிழ்நாடு வந்துவிடும். அப்புறம் காட்பாடி, பாலாற்றுப் பாலம், வேலூர். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் மேல்மொணவூர். ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் நாள் தவறாமல் வேலூர் போய்வருகிற எங்கள் ஜனங்களில் பலருக்கு, அந்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது தெரியாது. வேலூர், காட்பாடிப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, போன பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வண்ணம் அடித்தவர் அங்கிருந்து வந்தவராகவே இருக்கலாம்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் பெரியது. அகதிகளுக்கு முகாமில் வைத்து அரிசியும் பணமும் கொடுப்பதை விட்டு, அவர்கள் சொந்தக் காலில் நின்று ஊரோடு ஊராகக் கலந்து வாழும் குடியிருப்புகளுக்கு எப்படி மாறுவது? இதில் ஐ.நா. வரும், ஆப்பிரிக்கா வரும், சட்டம் வரும். நானோ கட்டட மேற்பார்வையில் வயதைக் கழித்தவன். சுவர் வழியாகத்தான் எனக்கு மனிதர்களைத் தெரியும். அதனால் சுவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 1990-இல் ஒரு அலை, 1996-இல் ஒரு அலை, 2006-இல் இன்னொன்று. மொத்தம் ஏறத்தாழ 3 லட்சம் பேர். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களில் சுமார் 58,000 பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். இன்னும் 34,000 பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றவர்கள் இவர்களுக்குள் உண்டு.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

முகாம் ஆண்களில் ஏராளமானோர் பெயிண்டர்கள். கும்மிடிப்பூண்டியில் கேட்டாலும் சரி, திருச்சி கொட்டப்பட்டில் கேட்டாலும் சரி, "என்ன வேலை?" என்றால் "பெயிண்டிங்" என்ற பதில் தயாராக இருக்கும். மன்னாரில் மீன் பிடித்தவர், வவுனியாவில் வயல் செய்தவர், எல்லோரும் இங்கே வந்து பிரஷ்ஷை ஏன் பிடித்தார்கள்? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

வலை வேண்டுமென்றால் கடல் வேண்டும். ஏர் வேண்டுமென்றால் நிலம் வேண்டும். கொத்தனார் வேலைக்குச் சித்தாளும் பெரியாளும் சேர்ந்த, ஊரில் வேர்விட்ட ஒரு செட்டு வேண்டும். பெயிண்டருக்கு ஒரு ரோலர், இரண்டு பிரஷ், பட்டி பிளேடு, உப்புத்தாள் போதும், எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிடும். பெயிண்ட் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பார். யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு என்ற பேச்சே எழாது. ஒரு வீட்டில் நாலைந்து நாள் வேலை, கையில் கூலி, அடுத்த வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். முகாமில் இருப்பவருக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முதல் காரணம்.

மன்னார்க்காரர் ஒருவர் என்னிடம் பல வேலைகளுக்கு வந்திருக்கிறார். பேர் வேண்டாம், மேஸ்திரி என்றே வைத்துக்கொள்வோம். அவர் கட்டிங் போடுவதைப் பார்க்க வேண்டும், நேயர்களே. சுவரும் கூரையும் சேருகிற மூலையில் இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலக்காமல் கோடு இழுப்பதுதான் கட்டிங். இப்போது டேப் ஒட்டி அடிக்கிறார்கள். மேஸ்திரி டேப்பைத் தொட மாட்டார். ஏணியில் ஏறி, மூச்சைப் பிடித்து, இரண்டங்குல பிரஷ்ஷை ஓரமாகத் திருப்பி ஒரே இழுப்பு. கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

இன்னொரு குணமும் அவரிடம் உண்டு. சுவர் ஈரமாக இருந்தால் பட்டி பார்க்க மாட்டார். காட்பாடியில் ஒரு வீடு, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பூச்சு வேலை முடிந்து தண்ணீர் காட்டிய சுவர் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரர் துடிக்கிறார். மேஸ்திரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப அடிச்சா ஆறு மாசத்திலை பொரிஞ்சு கொட்டும் சேர். என்ரை பேர் கெட்டுப்போகும்" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். கடைசியில் கிரகப்பிரவேசம் வெறும் வெள்ளையில் நடந்தது. வீட்டுக்காரர் அன்றைக்குத் திட்டினார், அடுத்த வருஷம் மாடிக்கும் அவரையே கூப்பிட்டார்.

அகதி என்றால் கையேந்தி நிற்பவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார். சுயசார்பு பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே, இவருக்கு என்ன கற்றுக்கொடுப்பார்கள்? பட்டி கலக்கவா? உழைத்துப் பிழைக்க அவர் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார். வழியில் நின்றது வேறு.

குடிபாலா பக்கம் ஒரு வேலை வந்தது. சங்கராந்திக்கு முன்னால் முடிக்க வேண்டும், நல்ல கூலி. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தயங்கினார். "அங்காலை ஆந்திரா சேர். ஏதும் பிரச்சினை எண்டால் முகாமிலை பதில் சொல்ல ஏலாது" என்றார். முகாமில் தணிக்கை உண்டு. அதிகாரி பேர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவிப்பணம் நிற்கும், கேள்வி வரும், கியூ பிரிவுப் போலீஸ் விசாரிப்பார்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இந்தக் கெடுபிடி இறுகியது. இப்போது பல இடங்களில் தளர்ந்திருக்கிறது என்றாலும், அந்தப் பயம் உடம்பில் தங்கிவிட்டது. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கூலியை ஒரு மனிதர் எல்லைக்கு அப்பால் என்று விட்டுவிடுகிறார். 1960 ஏப்ரல் முதல் தேதி இந்த எல்லையைத் திருத்தினார்களே, திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, வேறு கிராமங்கள் இந்தப் பக்கம் வந்தன. இரண்டு பக்கமும் மாறிய ஜனங்களிடம் யாரும் "நீ யார்?" என்று கேட்கவில்லை. அவர்கள் கையில் ஓட்டு இருந்தது.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

பழைய முகாம் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துக்குப் பத்து அறை, மேலே தார் ஷீட், நடுவில் புடவை கட்டி மறைவு. வெயிலில் தார் உருகும், மழையில் ஒழுகும். தற்காலிகம் என்று கட்டியதில் முப்பது வருஷம் குடியிருந்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000-த்திலிருந்து 1,500 ரூபாய் ஆனது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேரும் மாற்றினார்கள். அந்த வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மேல்மொணவூருக்கே வந்து வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023 செப்டம்பர் 17-இல் அங்கே நடந்த விழாவில், பல மாவட்டங்களிலும் கட்டி முடித்த 1,591 வீடுகளைத் திறந்துவைத்தார். செலவு 79 கோடியே 70 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு 5 லட்சம். என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை, சமையலறை, கழிப்பறையோடு ஒரு சின்ன வீடு கட்டுவது இறுக்கிப் பிடித்த கணக்கு. மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மேற்பார்வைக்காரன் கண் சும்மா இருக்காது. வீடு வந்தது, பட்டா? அந்த வீட்டை அடமானம் வைத்து ஒரு தச்சுப் பட்டறை தொடங்க முடியுமா? முடியாது. மேஸ்திரியின் மோட்டார் சைக்கிள்கூட வேலூர்க்கார நண்பர் பேரில்தான் இருந்தது. உழைப்பு ஒருவருடையது, காகிதம் இன்னொருவருடையது.

மேஸ்திரியின் மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினீயரிங் முடித்தவன். அப்பா யாழ்ப்பாணத் தமிழும் மன்னார்த் தமிழும் கலந்து பேசுவார், பையன் பேசுவது அசல் வேலூர்த் தமிழ். ஒரு கம்பெனியில் தேர்வானான். கடைசிச் சுற்றில் பாஸ்போர்ட் எண் கேட்டார்கள். அடுத்த வாரம் அப்பாவோடு சாரத்தில் நின்றான். "பரவால்ல அண்ணா, சதுர அடிக் கணக்கு நான்தான் போடுறேன், அப்பா ஏமாற மாட்டாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். அப்படி முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம். அம்மா வேலூர்க்காரியாக இருந்தாலும், அப்பா சட்டவிரோதக் குடியேறி என்று கணக்கில் இருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை சேரவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு படி இறங்கி வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்றது. தலைக்குமேல் தொங்கிய கத்தியை எடுத்தார்கள். ஆனால் கையில் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்கள் குடியுரிமையோடு திரும்பி வந்தார்களே, அவர்களும் இதே கடலைத் தாண்டியவர்கள்தான். நீலகிரியில் அவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள், பிற்பாடு அவை டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. 1969-இல் இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பியவர்களுக்காக ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். எல்லாம் சுகமாக நடக்கவில்லை. தோட்டம் கிடைக்காமல் கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இருந்தாலும் வழக்குப் போட, ஓட்டுப் போட, கடன் வாங்க அவர்களால் முடிந்தது.

இன்னொரு சாட்சி, மைசூருக்கு அந்தப் பக்கம் பைலகுப்பே. 1960-இல் திபெத்தியர்களுக்கு அங்கே 3,000 ஏக்கர் காட்டு நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. காடு திருத்தி மக்காச்சோளம் போட்டார்கள், கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு ஸ்வெட்டர் விற்க வருகிறவர்கள் அவர்கள்தான். குடியுரிமை இல்லாவிட்டாலும், நிலமும் ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்ய வழியும் இருந்தன.

உகாண்டாவில் அகதிகளுக்கு முகாமுக்குப் பதிலாக ஒரு துண்டு நிலமும், நடமாடவும் வேலை செய்யவும் உரிமையும் கொடுக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளையும் வந்த பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நன்கொடை நாடுகள் கையைச் சுருக்கி ரேஷன் வெட்டப்பட்டபோது, அந்தத் துண்டு நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். சுயசார்பு என்ற பேரில் முதலில் அரிசியை நிறுத்திவிட்டு, உரிமையை அப்புறம் பார்க்கலாம் என்பது ஏமாற்று வேலை. ஈரச் சுவரில் பட்டி பார்க்கிற மாதிரி. கிழவிக்கும் விதவைக்கும் ஊனமுற்றவருக்கும் உதவிப்பணம் தொடர்ந்தே ஆக வேண்டும். திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு ஊரில் காணி கிடைக்க வேண்டும், அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தனை வருஷமாக முகாம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே, திரும்பிப் போகும் நாளையும் நினைத்துத்தான். திரும்பிப் போவதைப் பற்றித் தனியாக ஒரு உரையே பேசலாம்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், இன்னொரு நாள் பார்க்கலாம். மேஸ்திரிக்கு இப்போது முழங்கால் வலி, ஏணி ஏறுவதில்லை. மகன்தான் செட்டை நடத்துகிறான். அவனுக்கு ஒரு பாஸ்போர்ட்டோ, குறைந்தபட்சம் அவன் பேரிலேயே ஒரு வண்டியும் ஒரு வங்கிக் கடனுமோ கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைத்தால் குடிபாலாவில் வேலை நிறைய இருக்கிறது, ராமாபுரம் ஆஸ்பத்திரி வந்த பிறகு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கட்டிங் டேப் இல்லாமல் போடும் ஆள் வேண்டுமென்றால் அவனைச் சொல்லுங்கள்.