கிரேனின் கேபிளும் சுமை தாங்குகிறது



இந்தக் கருத்தரங்கில், மேல்நிலைக் கிரேன்களில் கேபிளையும் ஹோஸையும் எப்படிக் கொண்டுசெல்வது என்பதைப் பற்றிப் பேச மட்டுமே இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்குப் போய் இரண்டு நாளா என்று சிலர் கேட்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் கிரேன் வாங்குகிறவர்களாகத்தான் இருப்பார்கள். கிரேனை ஓட்டுகிறவர்களும், இரவு ஷிஃப்டில் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு கிரேன்மேல் ஏறுகிறவர்களும் இரண்டு நாள் போதுமா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இந்தச் சிக்கல் மின்சாரத்துக்கு முந்தையது. இங்கிலாந்தில் க்ரூ நகரத்து ரயில் எஞ்சின் பட்டறையில் 1861இல் ஜான் ராம்ஸ்பாட்டம் மேல்நிலைக் கிரேன்களை நிறுவினார். மோட்டார் இல்லாத காலம். தரையில் ஓடிய நீராவி எஞ்சினின் ஆற்றலைக் கூரைக்கு அடியில் நகரும் கிரேனுக்கு எப்படிக் கொண்டுபோவது? முடிவில்லாமல் சுற்றும் ஒரு பருத்திக் கயிற்றை அவர் பயன்படுத்தினார். ஐந்தெட்டில் அங்குலம், அதாவது நம் கணக்கில் 16 மில்லிமீட்டர் பருமன்தான். அது நிமிடத்துக்கு 5,000 அடி வேகத்தில் ஓடியது. அவ்வளவு வேகம் ஏன்? ஆற்றல் என்பது இழுவிசையும் வேகமும் பெருகி வருவது. வேகத்தைக் கூட்டினால் மெல்லிய கயிறே போதும். வேறு பட்டறைகளில் பே நெடுகச் சதுரத் தண்டு ஒன்றைச் சுழலவிட்டார்கள். கிரேன் கடந்துபோகும்போது அதைத் தாங்கும் பேரிங்குகள் சாய்ந்து வழிவிட்டு மறுபடி நிமிரும். 1846இல் நியூகாசில் துறைமுகக் கரையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நீரழுத்தக் கிரேனை இயக்கிக் காட்டினார். பின்னாளில் அந்த வகைக் கிரேன்கள் கரையோரமாக நகரத் தொடங்கியபோது, மூட்டு மூட்டாக மடங்கி நீளும் குழாய்களைக் கூடவே நடத்திச்செல்ல வேண்டியிருந்தது. தூக்குவது எப்படி என்ற கேள்விக்கு அன்றே விடை இருந்தது. நகரும் பொருளுக்குச் சக்தியைக் கொண்டுசேர்ப்பதுதான் தலைவலியாக இருந்தது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

இனி நம் பேக்கு வருவோம். கிரேன் மூன்று வகையில் அசைகிறது. பே நெடுகப் போவது எல்.டி., குறுக்கே டிராலி போவது சி.டி., மேலும் கீழும் போவது ஹாய்ஸ்ட். எல்.டி.க்கு நீண்ட தூரம் என்பதால் டி.எஸ்.எல். பஸ்பார் போடுகிறோம். பழைய பட்டறைகளில் வெறும் ஆங்கிள் இரும்பிலேயே மின்சாரம் ஓடும்; இப்போது உறையிட்ட பஸ்பார் வந்துவிட்டது. சி.டி.க்கு ஃபெஸ்டூன். சி-ரயிலில் சிறு டிராலிகள் உருள, அவற்றின் சேடில்களிலிருந்து பிளாட் கேபிள் தொங்கல் தொங்கலாக இறங்கும். பிளாட் கேபிள் தன் தடிமனின் பக்கமாக மடங்குவதால் சிறிய சேடிலே போதும். அதே கோர்களை உருண்டைக் கேபிளில் அடைத்தால் சேடில் பெரிதாகும், டிராலியும் நீளும்.

ஃபெஸ்டூனுக்கான கணக்கைப் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம். டிராலி ஓட்டம் 24 மீட்டர், தொங்கலின் ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். ஒரு தொங்கலில் ஏறத்தாழ 3 மீட்டர் கேபிள் அடங்கும். விறைப்பாக நிற்காமலிருக்க 10 விழுக்காடு கூட்டினால் 26.4 மீட்டர், ஒன்பது தொங்கல் வேண்டும். இடையில் எட்டு டிராலிகள், ஒவ்வொன்றும் 200 மில்லிமீட்டர் நீளம். ஜன்னல் திரையை ஒதுக்கினாலும் ஓரத்தில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டுதானே நிற்கும்? அதேபோல் இந்த எட்டும், முனைக் கிளாம்பும் இழுவை டிராலியும் சேர்ந்து இரண்டு மீட்டர் இடம் கேட்கும். அந்த இரண்டு மீட்டரை யார் கொடுப்பது?

கிர்டரின் வரைபடம் முடிந்து, நடைபாதை வைத்து, பேனலுக்கு இடம் ஒதுக்கி, எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சிய இடுக்கில் ஃபெஸ்டூனை வரைகிறார்கள். இடம் இல்லை. கொக்கி ஓரத்துத் தூண்வரை வரவில்லை என்று உற்பத்திப் பிரிவு சண்டை போடுகிறது. உடனே ஒருவர் இரண்டு டிராலிகளைக் கழற்றிவிடுகிறார். இருக்கிற டிராலிகளுக்குள் அதே கேபிள், ஆகவே தொங்கல் ஆழமாகிறது. ஆழமான தொங்கல் டிராலி நிற்கும்போது ஊசலாடி நடைபாதைக் கைப்பிடியில் மாட்டுகிறது. மாட்டாமலிருக்க யாரோ அதைக் கயிற்றால் கட்டிவைக்கிறார்கள். கட்டிய இடத்தில் கேபிள் ஒரே புள்ளியில் மடங்குகிறது. மூன்று மாதம் கழித்து அந்தப் புள்ளியில் கோர் அறுகிறது. இதில் எந்த ஒருவர்மீதும் பழி போட முடியாது. அவரவர் தம் கண்முன் நின்ற தொல்லையைத் தீர்த்தார்கள், அவ்வளவுதான்.

கோர் அறுவது எப்படித் தெரியவரும் என்பதைக் கல்லூரிகள் கற்றுத்தருவதில்லை. முதல் புகார் ஆபரேட்டரிடமிருந்து வரும்: "சார், டிராலி நடுவுக்கு வந்தா மட்டும் நின்னுடுது. கொஞ்சம் தள்ளினா ஓடுது." எலக்ட்ரீஷியன் மேலே போய்ப் பேனலைத் திறந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். கான்டாக்டரை மாற்றுவார், இரண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும். அனுபவப்பட்டவர் பேனலைத் திறக்கவே மாட்டார். டிராலியை அதே இடத்தில் நிறுத்தச் சொல்லி, எந்தத் தொங்கல் அந்த இடத்தில் மடங்குகிறது என்று பார்த்து, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரலுக்கு மெத்தென்று தட்டுப்படும். அங்கே வெட்டிப் பிரித்தால் மேலுறை புதிதுபோல இருக்கும், இன்சுலேஷனும் இருக்கும். உள்ளே செம்பு இழைகள் முறிந்து தூளாக நிற்கும். மடங்கினால் முனைகள் விலகுகின்றன, நிமிர்ந்தால் தொடுகின்றன. ஆபரேட்டர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இழைகள் ஏன் முறிகின்றன? பெரும்பாலும் இழுவையால். ஃபெஸ்டூன் டிராலிகளுக்கிடையே ஒரு சங்கிலியோ மெல்லிய வயர் ரோப்போ இருக்க வேண்டும். கேபிளைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். டிராலி வேகமெடுக்கும்போது இழுப்பைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும், கேபிள் சும்மா கூடவே வரும். நீங்கள் போகிற ஆலைகளில் அண்ணாந்து பாருங்கள். சங்கிலி அறுந்து தொங்கும், அல்லது இருந்த அடையாளமாகக் கொளுவி மட்டும் இருக்கும். கேபிளே இழுவைக் கயிறாக வேலை செய்துகொண்டிருக்கும். ஜங்ஷன் பாக்ஸின் கிளாண்டிலிருந்து மேலுறை விரற்கடை அளவு வெளியே வந்து, உள்ளே வண்ண வண்ணமாகக் கோர்கள் தெரிந்தால் சங்கிலி போய் நாளாயிற்று என்று பொருள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எர்த் கோர். ஃபேஸ் கோர் அறுந்தால் கிரேன் நின்றுவிடும், எல்லாரும் ஓடிவருவார்கள். எர்த் கோர் அறுந்தால் ஒன்றுமே ஆகாது. கிரேன் அழகாக ஓடும். டிராலியில் ஒரு மோட்டாரின் இன்சுலேஷன் கெடுகிற நாள்வரை அது யாருக்கும் தெரியாது. அதே கேபிளுக்குள், அதே மடக்கில், அதே எண்ணிக்கையில் வளைந்து நிமிர்கிற செம்பு அது. மற்றவை முறிந்தால் அதுவும் முறியும். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. தூசும் துருவும் பெயின்டும் நடுவில் இருக்கின்றன. மெகர் எடுக்கிற நாளில் எர்த் தொடர்ச்சியையும் டிராலிவரை அளக்க வேண்டும். டிராலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிக்கொண்டே அளக்க வேண்டும்.

ஹோஸுக்கு வருகிறேன். மின்சாரக்காரர்கள் ஹோஸைக் கேபிளின் தம்பி என்று நினைத்து இரண்டையும் ஒரே கிளாம்பில் கட்டிவிடுகிறார்கள். அழுத்தம் ஏறினால் ஹைட்ராலிக் ஹோஸ் நீளம் மாறும். எஸ்.ஏ.ஈ. தரத்தில் வழக்கமான வகைகளுக்கு 2 விழுக்காடு நீளவும் 4 விழுக்காடு சுருங்கவும் இடமுண்டு. பத்து மீட்டர் ஹோஸ் 40 சென்டிமீட்டர்வரை சுருங்கலாம். பக்கத்தில் கட்டிய கேபிள் சுருங்காது. ஒன்று ஹோஸ் ஃபிட்டிங்கில் பிடுங்கும், இல்லை கேபிள் புடைத்துக்கொண்டு நிற்கும். முறுக்கு இன்னொரு எமன். ஹோஸின் மேல் நீளவாக்கில் ஓர் எழுத்து வரி அச்சாகியிருக்கும். ஏதோ விளம்பரம் என்று நினைப்பார்கள். மாட்டியபின் அந்த வரி நேராகப் போனால் ஹோஸ் நேராக இருக்கிறது. கொடிபோல் சுற்றிக்கொண்டு போனால் ஃபிட்டிங்கை முடுக்கும்போது ஹோஸும் சேர்ந்து திரும்பிவிட்டது. உள்ளே பின்னியிருக்கும் எஃகுக் கம்பி வலை ஒரு கோணத்துக்காகப் பின்னப்பட்டது. முறுக்கினால் அந்தக் கோணம் போய்விடும், ஆயுளும் போய்விடும். கசிகிற ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. கேபிளுக்குச் சொன்ன வைத்தியம் இங்கே ஆளைக் கொல்லும். ஊசிமுனைத் துளையிலிருந்து உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு அப்போதே போக வேண்டும்.

இந்தத் தலைமை உரையில் நான் வாதிட விரும்பும் ஒன்று உண்டு. கேபிளையும் ஹோஸையும் துணைப்பொருள் என்ற கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். கொக்கியில் சுமை தொங்கும் சாதாரணக் கிரேனில் மின்சாரம் போனால் ஹாய்ஸ்ட் பிரேக்கை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும்; சுமை அந்தரத்தில் நிற்கும். அங்கே கேபிள் அறுந்தால் வேலை நிற்கும், அவ்வளவே. கொக்கிக்குப் பதில் மின்காந்தம் தொங்கினால் கதை வேறு. அந்தக் கேபிள் அறுந்த நொடியில், பேட்டரி இல்லாவிட்டால், இரும்புத் தகடு கீழே இருக்கும். வாக்குவம் லிஃப்டரில் ஹோஸ் கழன்றால் செக் வால்வும் சேமிப்புத் தொட்டியும் சிறிது நேரம் பிடித்துவைக்கும். அந்தச் சிறிது நேரத்துக்குள் சுமையை இறக்க வேண்டும். ஹைட்ராலிக் கிராப்பில் சிலிண்டரோடு ஒட்டிப் பூட்டு வால்வு இல்லையென்றால் ஹோஸ் வெடிப்பதும் கிராப் வாய் திறப்பதும் ஒரே நேரம். இந்த மூன்று இடங்களிலும் கேபிளும் ஹோஸும் வயர் ரோப்பைப் போலவே சுமையைத் தாங்குகின்றன.

வயர் ரோப்புக்கு நாம் எவ்வளவு மரியாதை தருகிறோம்! எத்தனை இழை அறுந்தால், எவ்வளவு தேய்ந்தால் கழிக்க வேண்டும் என்று சொல்ல ஐ.எஸ்.ஓ. 4309 இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் எந்திரங்களைத் தகுதிபெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. அந்தச் சோதனைகளில் கொக்கியை அளந்தார்கள், ரோப்பைப் பார்த்தார்கள், பிரேக்கைச் சோதித்தார்கள், சுமை ஏற்றிப் பார்த்தார்கள். ஃபெஸ்டூனுக்கு "திருப்திகரம்" என்று ஒரு சொல். கேபிளைக் கழிப்பதற்கு நம் பட்டறைகளில் நடைமுறையில் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அது நின்றுபோவது.

மாற்று ஏற்பாடுகளைப் பற்றி நாளை ஓர் அமர்வே இருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக் செயின் அழகானது; காற்றிலும் தொங்கல் ஆடாது. உலோகத் தூளும் மில் ஸ்கேலும் விழும் இடத்தில் அதன் தொட்டி நிரம்பிவிடும். கேபிள் ரீல் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சுற்றிக் கிடக்கும் கேபிள் சூட்டை வெளியேவிடாது. நான்கு அடுக்காகச் சுற்றினால், கேபிளின் வழக்கமான மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே அதில் ஓடலாம் என்று ஐ.ஈ.சி. 60204 சொல்கிறது. விலைப்புள்ளி கொடுக்கிறவர் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கேபிள் அளவைச் சொன்னாரா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் டிரைவ் வந்தபின் இன்னொரு தொல்லை: மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே தொங்கலில் போனால் சிக்னல் கெடும். ஷீல்டு போட்ட கேபிள் வாங்குகிறோம். வளைந்து வளைந்து முதலில் அறுவது அந்த ஷீல்டுதான்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். கேபிளின் ஆயுளைக் கணிக்கும் மாதிரிகளைப் பற்றி நிறைய கட்டுரைகள் வந்திருக்கின்றன, நல்லது. அந்த மாதிரிகளுக்குள் போடுவதற்கு நம் பட்டறைகளின் எண்கள் இல்லை. எந்தத் தொங்கல், எந்தக் கோர், எத்தனை மாதம், எந்தச் சூட்டில் என்று எழுதிவைக்கும் ஒரு பொதுப் படிவத்தை இந்த இரண்டு நாளில் நாம் உருவாக்கிவிட வேண்டும். அதை எலக்ட்ரீஷியன் தமிழில், கைபேசியில், ஏணியிலிருந்து இறங்கிய கையோடு நிரப்பும்படி இருக்க வேண்டும். நான்கு பக்கம் என்றால் யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டாவது, கிரேனை ஆர்டர் செய்யும்போதே ஃபெஸ்டூன் ஒதுங்கும் இடத்தையும், தொங்கலின் கீழ் விளிம்பையும், ஹோஸின் பாதையையும் கிர்டர் வரைபடத்தோடு சேர்த்துக் கேட்கும் ஒரு மாதிரி விவரக்குறிப்பு வேண்டும். அதில் எழுதும் இரண்டு மீட்டர் கொள்முதல் பிரிவுக்குச் செலவாகத் தெரியும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை வடிவமைப்பாளர்கள்தான் ஏற்க வேண்டும். இந்த அவையில் அவர்களும் இருக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அரங்கின் பின்வரிசையில் பல ஆலைகளின் பராமரிப்புத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் முதல் மைக்கை அவர்களிடம் கொடுக்கும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, பிளாட் கேபிள்களின் பழுதுகள் பற்றிய முதல் கட்டுரையைப் படிக்குமாறு கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.