மடித்து வைக்கும் ரயில் பாதை

பங்காருபாளையத்திற்கு ரயில் இல்லை. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருஞ்சாலை உண்டு. பருவத்தில் மாங்காய் மண்டிக்கு வரும் வண்டிகளின் வரிசை உண்டு. ரயிலைக் காண வேண்டுமாயின் சித்தூருக்கோ பாகாலாவுக்கோ செல்ல வேண்டும். ஆயினும் இத்தகைய ஊர்களிலும், உத்தியோகத்தின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர் வீட்டில் ஒரு ரயில் உறங்குவதுண்டு. பாட்டனார் வாங்கி, தந்தையார் காத்து வைத்த பொம்மை மின்ரயில் அது. டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, ஓடுவதில்லை.

காரணம் இடமின்மையே. வாடகை வீட்டில் ஓர் அறையை ரயிலுக்கென ஒதுக்க இயலுமா? மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வருகையில் அதைப் பெயர்த்தெடுக்கத்தான் இயலுமா? பூனாவில் 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சிசாலையைப்போல நிலையான கூடம் நமக்கு வாய்ப்பதில்லை. ஆனால் ஓடாத ரயிலின் மசகு இறுகுகிறது; தகரம் துருவேறுகிறது. அது ஓடிக் காணாத பேரன், பழைய தகரமென்று எடைக்குப் போட்டுவிடுவான். ஆகவே, மடித்து எடுத்துச் செல்லத்தக்க பாதை ஒன்றை அமைக்கும் முறையைக் கூறுகிறோம்.

உதாரணமாக, இங்கிலாந்தில் 1938-இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ ரயிலை எடுத்துக்கொள்வோம். இதன் பாதை மூன்று தண்டவாளங்கள் உடையது. நடுத் தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரும். வெளித் தண்டவாளங்கள் அதைத் திருப்பிக் கொண்டுசெல்லும். வளைவின் ஆரம் 15 அங்குலம். நேர்த்துண்டின் நீளம் 11½ அங்குலம். எனவே 3 அடிச் சதுரமான ஒட்டுப்பலகைகள் இரண்டு போதும். அடியில் மரச்சட்டம் அடித்துவிட்டால் பலகை வளையாது. இரண்டையும் சேர்த்து வைத்தால், இரு கோடியிலும் அரைவட்டமும், இரு பக்கமும் மும்மூன்று நேர்த்துண்டுகளும் அமையும். நடுத்துண்டு சரியாகப் பலகைகளின் பொருத்தின்மேல் வந்து விழும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தண்டவாளத்தை ரம்பத்தால் அறுத்தல் ஆகாது. அறுத்ததைத் திரும்பப் பெறுவது அரிது. ஒரு பலகையில் பாதையைத் திருகாணியால் இறுக்கிவிட வேண்டும். மற்றப் பலகையில் துளைகளிட்டு, பாதையை நாடாவால் கட்ட வேண்டும். நாடாவைத் தளர்த்தினால் அப்பகுதி ஓரங்குலம் பின்னே நகரும். நடுத்துண்டுகளை எளிதிற் கழற்றலாம், மீண்டும் பூட்டலாம்.

அடுத்தது கீல். கீலைப் பலகையின் முகத்திலேயே பதித்தால், மடிக்கும்போது தண்டவாளத்தோடு தண்டவாளம் மோதும்; பலகை மூடாது. ஆதலால் பொருத்து விளிம்பின் இரு மூலையிலும் 2 அங்குல உயரக் கட்டைகளைத் திருகி, அவற்றின் தலையிலே கீலை அமைக்கவேண்டும். எதிர் விளிம்பிலும் அதே உயரத்தில் கட்டை வேண்டும். மூடியபின் உள்ளே 4 அங்குல வெளி கிடைக்கும். எஞ்சினையும் பெட்டிகளையும் மட்டும் தனியே துணியிற் சுற்றி எடுத்துவைத்தல் நலம். ஒரு கொண்டியும் ஒரு கைப்பிடியும் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. சித்தூர்த் தச்சருக்கு இதெல்லாம் புதிதன்று. அளவைச் சொன்னால் செய்துவிடுவார்.

இனி மின்சாரம். இதில் அசட்டை கூடாது. 1925-இல் ஹார்ன்பி வெளியிட்ட முதல் மின்ரயிலில், வீட்டு மின்சாரத்தையே ஒரு விளக்கின் வழியாகத் தண்டவாளத்துக்குச் செலுத்தும் வகையும் இருந்தது. குழந்தையின் விரல் படும் இடத்தில் உயிரைக் குடிக்கும் விசை! அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. டப்ளோவுக்கு 12 வோல்ட் நேர்மின்சாரமே போதும். ஆயினும் அதனுடன் வந்த பழைய மின்மாற்றியை நம்புதல் தகாது. கம்பியின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும். புதிய மின்மாற்றி வாங்குவதே அறிவுடைமை. அமெரிக்க லயனல் ரயிலாயின் அதன் மின்மாற்றி 110 வோல்ட்டுக்கு உரியது. நமது 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் எரிந்துபோகும். இரு பலகைகளுக்கும் இடையே, மடிப்பில் இழுபடாதபடி தளர்வான கம்பி ஒன்றைத் தனியே ஓடவிட்டால், பொருத்தைத் தாண்டும்போது எஞ்சின் தயங்காது.

மேஜைமீது விரிக்கக் கால்மணி நேரம். மடித்துக் கட்டிலடியில் தள்ளவும் அவ்வளவே. பாகாலா வழி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதை ஆகிவிட்டது. அங்கே புகைவண்டி சென்றதைப் பெரியோர் சொல்லித்தான் பிள்ளைகள் அறிவர். சொல்லும்போது கண்ணெதிரே ஒரு சிறு ரயில் ஓடினால், அச்சொல் மனத்திற் பதியும். அடுத்த மாற்றலில் எந்த ஊர் வாய்ப்பினும், பாத்திரம் பண்டங்களோடு அப்பாதையும் உடன் வரும்.