தில்லையும் கஞ்சாவும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் தில்லை மரத்தால் வந்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள். அம்மரத்தைக் காண இன்று பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற நாட்களில், கிளையை ஒடிக்காதீர்கள் என்று படகோட்டி சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன்.

மருந்துகள், அழகுப் பொருள்கள் விதிகளில் சித்த மருத்துவத்தின் நச்சுப் பொருள்களுக்கென ஒரு பட்டியல் உண்டு. அதில் எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை ஆகியவற்றோடு நம் தில்லையும் இருக்கிறது, கஞ்சாவும் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் புட்டியில், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும். அடியோடு விலக்கவும் இல்லை. அள்ளிக் கொடுக்கவும் இல்லை. ஒருவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கடலூரில் என் தங்கை மகளின் பையனுக்கு வலிப்பு நோய். ஏழு வயது. குளோபசாம் என்னும் மாத்திரை கொடுத்து வந்தார்கள். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியால் என்ற பொருளை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அமெரிக்க அரசு 2018இல் ஏற்றது. இச்செய்தியைப் படித்த தாய், பார்த்து வந்த மருத்துவரிடம் கேட்டிருக்கிறாள். "கஞ்சாவா? படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது?" என்று அவர் சீறினார். அப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. தொலைபேசியில் ஒருவர் பேசினார். தபாலில் ஒரு புட்டி வந்தது. என்னிடம்கூட மறைத்துவிட்டாள்.

பையன் ஓயாமல் தூங்கினான். மாத்திரையால்தான் தூக்கம் என்று எண்ணி, அதைத் தாமாகவே நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வந்த வலிப்பு நிற்கவில்லை. மருத்துவமனையில் இருந்த இளம் பெண் மருத்துவர், கோபம் இல்லாமல், "வேறு என்னம்மா கொடுத்தீர்கள்?" என்றார். தாய் பையிலிருந்து புட்டியை எடுத்தாள். அதில் பெயர் இருந்தது, அளவு இல்லை. "கன்னாபிடியால் குளோபசாமோடு சேர்ந்தால் தூக்கம் கூடும், மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு பெருகும். ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஏட்டில் குறித்துக்கொண்டார். பையன் பிழைத்தான்.

என் கோபம் புட்டி விற்றவர்மீது மட்டும் அன்று. வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; அவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். சீறிய மருத்துவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? உட்பொருள் அறியாத இரகசிய மருந்தை மருத்துவர் கொடுத்தல் ஆகாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. நோயாளி வாய்திறக்க அஞ்சும்படி செய்தல் ஆகாது என்றும் ஒரு வரி சேர்த்தால் நலம் என்பது என் அபிப்பிராயம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வாயிலை அடைத்துவிடவில்லை. பூவும் காயும் சேராத இலையை அது கஞ்சா என்று கொள்வதும் இல்லை. இலையிலிருந்து செய்த மருந்துகள் ஆயுர்வேத உரிமத்தின் பேரில் விற்பனையாகின்றன. ஆகவே கேள்வி கேட்பவர்கள் இனியும் வருவார்கள்.

பிரிட்டனில் 2018 நவம்பர் முதல், இத்தகைய மருந்தை எழுதும் முடிவு சிறப்பு மருத்துவரிடமே விடப்பட்டிருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்னே, 1839இல், கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் கஞ்சாவை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். கண்டதை எழுதி வெளியிட்டார்.

தங்கை மகள் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். கொடுத்த மருந்து, நேரம், அளவு எல்லாம் அதில் உண்டு. சென்ற மாதம் சளிக்காகப் பையனைச் சிதம்பரத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் நாடி பார்ப்பதற்கு முன், அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார்.