“இல்லை”ன்னு வந்தா என்ன அர்த்தம்?

சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இன்னிக்கு ஒரு விஷயம் சொல்லணும். கண்ணுக்குள்ள விழித்திரையைப் படம் எடுத்து, பாதிப்பு இருக்கா இல்லையான்னு செயற்கை நுண்ணறிவே சொல்ற பரிசோதனை இப்ப வந்திருக்கு. போகலாமா? தாராளமா போங்க. ஆனா ரிசல்ட்டைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி 2016-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியிருந்தாங்க. அமெரிக்கப் படங்களோட அரவிந்த், சங்கர நேத்ராலயா மாதிரி நம்ம ஆஸ்பத்திரிப் படங்களும் அதுல உண்டு. 54 கண் டாக்டர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் மூணு முதல் ஏழு தடவை பார்த்து மார்க் போட்டாங்க. எதுக்கு அத்தனை தடவை? ஒரே படத்துக்கு டாக்டர்களே வேற வேற பதில் சொல்றாங்களே! அத்தனை பேர் கண்ணையும் சேர்த்துக் கத்துக்கிட்டதாலதான் எனக்கு இது மேல மரியாதை.

சரி, சீட்டுல “இல்லை”ன்னு வருது. நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாமா? கொஞ்சம் பொறுங்க. இந்த மாதிரிக் கருவிகள் பலதுல, சர்க்கரையால வந்த பாதிப்பு ஆரம்ப நிலையைத் தாண்டியிருக்கான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. லேசா ஆரம்பிச்சிருந்தாலும் “இல்லை”ன்னே வரலாம். புரையோ கண் நீர் அழுத்த நோயோ இருக்கான்னு அதுகிட்ட யாரும் கேட்கவே இல்லை. அதனால “இது எதை எதைப் பார்க்கும்?”னு அங்கே இருக்கிறவங்களைக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. அடுத்த வருஷமும் கண்ணைக் காட்டணும்.

இன்னொரு பதிலும் வரும்: “படம் தெளிவா இல்லை.” தாய்லாந்துல 11 சுகாதார நிலையங்கள்ல கூகுளோட இந்தக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தப்ப, ஐந்துல ஒரு படத்துக்கு மேல கணினி தள்ளிடுச்சு. அறை இருட்டா இல்லாததும் ஒரு காரணம். புரை இருந்தாலும், கண்மணி சுருங்கியிருந்தாலும் படம் மங்கும். அறையை இருட்டாக்கி இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க. கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டா, சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்டாதீங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அப்பவும் சரியா வரலையா? கண் டாக்டரைப் பார்த்தே ஆகணும். பலபேர் “படம் தெளிவா இல்லை”ங்கிறதை “ஒண்ணும் இல்லை”ன்னு நினைச்சு விட்டுடுறாங்க, எனக்குப் பயம் அதுலதான்.

யாருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம்? கண்ணுல ஏற்கெனவே லேசர் போட்டவங்க, ஊசி போட்டுக்கிட்டவங்க, சர்க்கரையோட கர்ப்பமா இருக்கிறவங்க நேரா டாக்டர்கிட்ட போங்க. திடீர்னு பார்வை குறைஞ்சாலோ, கண் முன்னால கரும்புள்ளி மிதந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்னிக்கே போயிடணும், கண் பரிசோதனை முகாம் எப்ப வரும்னு காத்திருக்கக் கூடாது.

ரிசல்ட்டோட அந்தப் படத்தையும் கேட்டு வாங்கி ஃபைல்ல வச்சுக்கோங்க. அடுத்த வருஷப் படத்தோட பக்கத்துல வச்சுப் பார்க்க டாக்டருக்கு அது வேணும்.