மலைப்பாதையும் மோட்டார் வண்டியின் கிளச்சும்

மாலைக் கொழுந்து நிறுத்தாயிற்று. மடுவத்தின் முன்னே நிற்கும் லொறியிற் சாக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன. எஞ்சின் உறுமுகின்றது, சில்லுகளோ அசையவில்லை. சாரதி தமது இடதுகாலை மெல்ல உயர்த்துகின்றார். பாரம் நிறைந்த அவ்வண்டி குலுக்கமின்றி மேட்டிலே ஏறத் தொடங்குகின்றது. சுழன்றுகொண்டிருந்த எஞ்சினையும் அசையாது நின்ற சில்லுகளையும் அந்த ஒரு கணத்திலே சேர்த்துவைத்தது எது? கிளச் என்னும் உறுப்பே அது.

மோட்டார் வண்டிக்கு இவ்வுறுப்பு எதற்கு? பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்கும் ஆற்றலற்றவை. முதலில் அவை தாமாகச் சுழலவேண்டும். பின்னரே பாரத்தை ஏற்கவேண்டும். ஓடும்போது கியர் மாற்றுதற்கும் எஞ்சினின் விசையைச் சிறிது நேரம் விலக்கிவைத்தல் வேண்டும். எனவே, வேண்டும்போது பிரிக்கவும், வேண்டும்போது மென்மையாக இணைக்கவும் ஓர் ஏற்பாடு தேவையாயிற்று.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இது புதிய கருத்தன்று. முன்னாளில் தொழிற்சாலையின் கூரையோரமாக நீண்ட சுழல்தண்டு ஒன்று ஓடும். கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் யாவும் அதிலிருந்து தோல்வார் மூலம் இயங்கின. ஓர் இயந்திரத்தை மாத்திரம் நிறுத்த வேண்டுமாயின், அதன் வாரை வெறுமனே சுழலும் கப்பி ஒன்றிற்குத் தள்ளிவிடுவர். வார் ஓடும், இயந்திரம் நிற்கும். மீண்டும் வாரை உறுதியான கப்பிக்கு நகர்த்தினால் இயந்திரம் சுழலும். மோட்டார் வண்டியின் கிளச் இதே வேலையைத்தான் சிறியதோர் இடத்தில், காலின் அசைவுக்கேற்பச் செய்கின்றது.

அதன் அமைப்பு எளியது. எஞ்சினின் சுழல்தண்டு முனையிற் கனத்த இரும்புச் சக்கரமொன்று உண்டு. அதனைப் பிளைவீல் என்பர். அதற்கு எதிரே அழுத்தத் தட்டு உள்ளது. இவ்விரண்டிற்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த கிளச் தட்டு அமைந்துள்ளது. இத்தட்டு கியர் பெட்டிக்குச் செல்லும் தண்டோடு பிணைந்தது. வலிய வில்கள் அழுத்தத் தட்டை நெருக்குவதால் மூன்றும் ஒன்றாகச் சுழலும். மிதியை அழுத்தினால் வில்லின் பிடி தளர்ந்து, நடுத்தட்டு விடுபடும். ஆகவே இணைப்பது வில்; பிரிப்பது கால். மிதியை மெதுவாக விடும்போது தட்டு முதலிற் சற்று வழுக்கி, படிப்படியாக எஞ்சினின் வேகத்தை அடைந்து, முடிவில் இறுகிவிடுகின்றது. அந்தச் சிறு வழுக்கலே வண்டி குலுங்காமற் புறப்படுவதன் இரகசியம்.

கிளச்சின் வகைகள் பல. தொடக்ககால மோட்டார் வண்டிகள் பலவற்றிற் கூம்பு வடிவக் கிளச் வழங்கிற்று. புனலுக்குள் புனல் செருகியது போல, தோல் போர்த்திய கூம்பு பிளைவீலின் குழிவினுட் சென்று பற்றும். தோல் காய்ந்தால் வெடுக்கெனப் பிடிக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். இக்குறைகளால் அது மறைய, மேலே கூறிய ஒற்றைத்தட்டு உலர் கிளச் நிலைபெற்றது. லொறி, பஸ், கார் ஆகியவற்றிற் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. முன்பு இதிற் பல சுருள்வில்கள் இருந்தன. பின்னர் வட்டத் தகடு போன்ற ஒரே வில் அவற்றின் இடத்தைப் பெரிதும் பெற்றது.

இடம் சிறிதாயின் தட்டுகளைப் பலவாக அடுக்கலாம். மோட்டார் சைக்கிள்களிலும், தோட்டத்து மக்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிகளிலும் எண்ணெயில் மூழ்கிய பலதட்டுக் கிளச்சே உள்ளது. எண்ணெய் வெப்பத்தைத் தணிக்கின்றது. இன்னொரு வகை, வேகம் கூடும்போது சுழலும் விசையால் வெளியே தள்ளப்பட்டுத் தானாகவே பற்றிக்கொள்வது. 1958இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் என்னும் சிறு வண்டியில் இது உண்டு. கைப்பிடியில் நெம்புகோல் இன்றியே அது இயங்கிற்று.

உராய்வே இன்றி, எண்ணெயின் ஓட்டத்தால் விசையைக் கடத்துவதும் ஒரு முறை. 1958இல் தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபை லண்டன் மாநகரிலிருந்து தருவித்த இரட்டைத்தட்டு பஸ்களில் இத்தகைய திரவ இணைப்பு இருந்தது. தானாகக் கியர் மாறும் கார்கள் பலவற்றில் உள்ளது இதன் வளர்ச்சியே.

எவ்வகையாயினும், அதனைச் சோதிக்கும் களம் மலைநாடு. கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறும் வீதியும், கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வீதியும் வளைவுகள் நிறைந்தவை. மேட்டில் வண்டி நிற்க நேர்ந்தால், கைப்பிரேக்கை இழுக்காமல் பாதிக் கிளச்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவோர் உண்டு. இதன் கேடு என்ன? 5 டன் எடையுள்ள லொறி ஒன்று 10 அடிக்கு 1 அடி உயரும் மேட்டில் இவ்வாறு நின்றால், ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பம் அந்தச் சிறு தட்டிலே பிறக்கும் எனக் கணக்கிடலாம். 1 கிலோவாட் மின்னடுப்புகள் நான்கினை அதனுள்ளே மூட்டியதற்கு இது ஒப்பாகும். கருகல் நாற்றம் எழுவதும், எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாதிருப்பதும் இதன் விளைவுகளே. மிதியின்மேற் காலை எப்போதும் வைத்திருப்பதும் இதே கேட்டைச் சிறுகச் சிறுகச் செய்யும்.

ஏற்றத்தில் இழப்பது தட்டு; இறக்கத்தில் இழக்கக்கூடியது உயிர். எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி, கிளச்சை மிதித்தபடியோ கியரை விலக்கியோ இறங்குவது பெரும் பிழை. அவ்வாறு செய்தால் எஞ்சினின் தடை முழுவதும் நீங்கி, பாரம் அனைத்தும் பிரேக்கின்மேல் விழும். நீண்ட இறக்கத்திற் பிரேக் சூடேறி வலுவிழக்கும். எரிபொருளும் மிஞ்சுவதில்லை. இக்கால எஞ்சின்கள் பல, கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. 2023 ஜனவரியில் நானுஓயாவை அடுத்த ரதல்லைச் சரிவிலே பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் மாண்டதை மலைநாடு மறவாது. இத்தகைய சரிவுகளில் எஞ்சினும் பிரேக்கும் சேர்ந்தே வண்டியைத் தாங்கவேண்டும். ஏறுதற்கு வேண்டிய அதே தாழ்ந்த கியரில் இறங்குக என்பது அனுபவம் மிக்க சாரதிகள் கண்ட விதி.

கிளச்சைப் பழுதுபார்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய தட்டுகளிற் கல்நார் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அதனை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே நன்று.

பிரிக்க வேண்டிய கணம் சிறிது; இணைந்திருக்க வேண்டிய நேரமே பெரிது. இதை உணர்ந்த காலின்கீழ் அந்தத் தட்டு நெடுங்காலம் உழைக்கும். கொழுந்து லொறி தொழிற்சாலையை அடையும். பாடசாலைப் பிள்ளைகளும் தொழிலாளரும் ஏறிய பஸ், பனிமூடிய வளைவுகளைக் கடந்து அவரவர் லயத்து வாயிலுக்கு அவர்களைக் கொண்டு சேர்க்கும்.