விலங்குகளின் திருவிழா: ஓர் இசைத்தொகுப்பின் பின்னணி



இசைக்கும் விலங்குக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. தினையுண்ண வந்த யானை, கொடிச்சி பாடிய குறிஞ்சிப்பண் கேட்டு உண்ணாமலும் பெயராமலும் உறங்கியதை அகநானூறு (102) காட்டும். 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், சட்சத்தை மயிலுக்கும் பஞ்சமத்தைக் குயிலுக்கும் நிஷாதத்தை யானைக்கும் உரிமையாக்கும். அங்கெல்லாம் விலங்கு இலக்கணத்துக்கு உதவிற்று. நகைச்சுவைக்கு உதவிய இடம் ஒன்றை இன்று சொல்ல விழைகிறேன்.

1886ஆம் ஆண்டின் தொடக்கம். வாக்னரைக் குறித்துத் தாம் எழுதியவற்றால் ஜெர்மனியில் எதிர்ப்பைச் சந்தித்த பிரெஞ்சு இசையமைப்பாளர் கமீல் சேன்-சான்ஸ், ஆஸ்திரியச் சிற்றூர் ஒன்றில் ஓய்வுக்கு ஒதுங்கினார். எழுத வேண்டியிருந்ததோ மூன்றாம் சிம்பொனி. அதை ஒதுக்கிவிட்டு, 'விலங்குகளின் திருவிழா' என்னும் 14 சிறு பகுதிகளை விளையாட்டாக எழுதினார். தவக்காலத்துக்கு முந்திய களியாட்டத்தின் இறுதி நாளான மார்ச் 9இல் பாரிசில், நண்பர்கள் நடுவே அது இசைக்கப்பட்டது. அடுத்த மாதமே லிஸ்ட் என்னும் மேதையும் ஒரு வீட்டில் அதைக் கேட்டார்.

அதன் குறும்பைக் கேளுங்கள். ஒஃபன்பாக்கின் துள்ளாட்டப் பாட்டை ஆமைக்காக மிக மெல்ல நடக்கவிட்டார். பெர்லியோஸ் காற்றுத் தேவதைகளுக்கு அமைத்த மென்னடனத்தை, கனத்த டபிள்பேசில் வாசிக்கவைத்து யானைக்குத் தந்தார். சுரவரிசைப் பயிற்சியில் தடுமாறும் பியானோ மாணவர்களும் விலங்குகளின் வரிசையில் உண்டு! தம் பழைய படைப்பைப் புதைபடிவங்களுள் ஒன்றாக வைத்துத் தம்மையும் எள்ளிக்கொண்டார். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கட்டிய காளமேகத்தை அறிந்த நமக்கு இது அயலாகத் தோன்றாது. பாம்புக்குத்தான் அவர் இடமளிக்கவில்லை. சங்கனும் பதுமனும் வழிபட்ட இவ்வூரில் அது பெருங்குறையே.

ஆயின், தம் புலமைப் பெயருக்கு இழுக்கு நேருமென அஞ்சி, வாழ்நாளில் இதனை வெளியிட அவர் இசையவில்லை. செல்லோவில் இசைக்கும் 'அன்னம்' மட்டும் 1887இல் வெளிவந்தது. 1921இல் அவர் மறைந்த பின், 1922இல்தான் முழுத்தொகுப்பு அச்சேறிற்று. சிம்பொனிகளின் ஆசிரியரை இன்று பலர் அறிவது அந்த விளையாட்டால்.

இத்தடை எனக்கு உடன்பாடன்று. கவியரங்கில் கைதட்டல் பெற்ற சிலேடையை நூலில் சேர்க்கத் தயங்கும் அன்பர்கள் நம் வட்டத்திலும் உண்டு. அவர்களுடைய குறிப்பேடுகளில் எத்தனை ஆமைகளும் யானைகளும் அடைபட்டுக் கிடக்கின்றனவோ! அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொணருமாறு வேண்டுகிறேன்.

ஒலிப்பதிவு கொண்டுவந்துள்ளேன். முதலில் ஆமையைக் கேட்போம், பிறகு யானையை. அன்னம் இறுதியில் வரட்டும்.