கோலாலம்பூர் – சிங்கப்பூர்: முக்கால் மணி நேர வானம்



கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும், "ஒரு மணி நேரம்தான்" என்பார்கள். தவறில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் ஊருக்குள்ளிருந்து ஊருக்குள் கணக்குப் போட்டால் கதையே வேறு. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இன்று பயணம் போவோம், வாருங்கள்.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து புறப்படுகிறோம். பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாடும் பூக்கடையும் அங்கே உண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். முன்பு சுபாங்கில் இருந்த பெரிய விமான நிலையம் 1998இல் சிப்பாங்குக்குப் போய்விட்டது. அதுவரையுள்ள 57 கிலோமீட்டர் தூரத்தை விரைவு ரயில் 28 நிமிடத்தில் கடக்கிறது. பன்னாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருப்பது நல்லது. ஆக, விமானம் நகர்வதற்குள்ளேயே இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

இனி வானம். வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஏறியதும் கீழே செம்பனைத் தோட்டங்கள், வரிசை பிசகாமல். அவற்றில் பல, ஒரு காலத்தில் தமிழர்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள். மேகம் இல்லாத நாளில் மலாக்கா நீரிணை தெரியும். மூவார் ஆறு வளைந்து நெளிந்து கலங்கிய நிறத்தோடு கடலில் கலப்பதையும் பார்க்கலாம். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இருக்கை வாரை மாட்டச் சொல்லிவிடுவார்கள். நங்கூரமிட்ட கப்பல்கள் கூட்டமாகக் கண்ணில் பட்டால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வந்துவிட்டது என்று பொருள்.

குடிநுழைவுச் சோதனை, பெட்டி, நகருக்குள் போக ரயில் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். மொத்தம் நான்கரை மணி நேரத்துக்குக் குறையாது.

இதே பயணம் பேருந்தில் என்றால் சுமார் 350 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒரு முறை இறங்கிக் கடப்பிதழைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம். நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாளிலும் அந்த ஒரு கிலோமீட்டரே மணிக்கணக்கில் இழுக்கும்.

இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்க அதிவேக ரயில் ஒன்றுக்கு 2016இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அது கைவிடப்பட்டதாக 2021 புத்தாண்டு நாளில் அறிவித்தார்கள். வந்திருந்தால் விமானத்துக்கு நல்ல போட்டிதான்.

ஆகவே நேயர்களே, கைப்பையோடு வேலையாகப் போகிறவர்களுக்கு விமானம். குடும்பமும் பெட்டிகளுமாகப் போகிறவர்களுக்கு, விடுமுறை நெரிசல் இல்லாத நாளில் பேருந்தே சிக்கனம். எதில் போனாலும் சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.